கல் போன வழி

முதல் நாள்: கோல்கொண்டா

கோல்கொண்டாவில் ஒருநாளும் வைரம் வெட்டி எடுக்கப்பட்டதில்லை. இது தெரிந்தேதான் ஐதராபாத்துக்கு வண்டி ஏறினேன். ஆனாலும் இன்று காலை கோட்டையின் உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் மூச்சு வாங்க நின்றபோது, கீழே எங்கேனும் ஒரு சுரங்கப் பள்ளம் தென்படுமா என்று கண் தானாகவே தேடியது. தென்பட்டவை கருங்கல் பாறைகளும், சிதைந்த மதில்களும், மதிலை நெருக்கிக்கொண்டு வளர்ந்துவிட்ட நகரமும்தான். சுரங்கங்களெல்லாம் இங்கிருந்து பல நாள் மாட்டுவண்டிப் பயணத் தொலைவில், கிருஷ்ணா ஆற்றங்கரையிலும் இராயலசீமையின் மேட்டு நிலங்களிலும் இருந்தன. கல் அங்கே கிடைத்தது, இங்கே விலைபோனது. உலகமோ விலைபோன ஊரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டது.

இடையர் குன்று என்று பொருள்படும் தெலுங்குப் பெயர்தான் கோல்கொண்டா என்று மருவியது என்பார்கள். 1518 முதல் 1687 வரை இங்கே குதுப் ஷாஹி சுல்தான்கள் ஆண்டார்கள். எட்டு மாத முற்றுகைக்குப் பின் ஔரங்கசீப் கோட்டையைப் பிடித்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. 1720களில் பிரேசிலில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை, போர்னியோத் தீவில் கிடைத்த சிறிதளவைத் தவிர்த்தால், உலகம் கண்ட வைரமெல்லாம் இந்திய மண்ணிலிருந்து போனதுதான். அதனால் ஆங்கில அகராதியில் கோல்கொண்டா என்ற சொல் அள்ள அள்ளக் குறையாத செல்வம் என்ற பொருளோடு ஏறிவிட்டது. இன்றும் ஏலக்காரர்கள், நைட்ரஜன் கலப்பு ஏறக்குறைய இல்லாத, ஊற்றுநீர் போலத் தெளிந்த வைரத்தை இப்பெயரால் அழைத்து விலையை ஏற்றுகிறார்கள். அதே தெளிவுள்ள கற்கள் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கல்லினன் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஊர்ப் பெயர் ஒரு தரச் சான்றாக மாறிய பிறகு அது ஊரைச் சுட்ட வேண்டிய கட்டாயம் இல்லை போலும்.

கோட்டை வாயிலின் குவிமாடத்தடியில் ஒரு வழிகாட்டி கைதட்டிக் காட்ட, மேலே ஏறியிருந்தவர்களுக்கு அது கேட்டது. பகைவர் வரவை அறிவிக்கக் கட்டிய அமைப்பு என்றார். ஓசைக்கு இவ்வளவு ஏற்பாடு செய்த இதே அரசின் நிலப்பரப்பில், வைர வியாபாரம் மட்டும் ஓசையே இல்லாமல் நடந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே பலமுறை வந்துபோன பிரெஞ்சு வணிகர் தவேர்னியே அதை எழுதி வைத்திருக்கிறார். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணமிட்டு அமர்வார்கள். ஒருவர் தம் இடுப்புத் துணியை விரித்து அதனடியில் மற்றவருடைய கையைப் பிடிப்பார். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரலைப் பிடித்தால் நூறு, நடுக் கணு வரை தொட்டால் ஐம்பது, விரல் நுனியைத் தொட்டால் பத்து. சுற்றிலும் ஆட்கள் இருந்தாலும் விலை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

இதை நான் படித்துக் காட்டியபோது உடன் வந்த நண்பர் சிரித்துவிட்டார். அவருடைய தந்தையார் மாட்டுத் தரகர். "இதற்கு நீங்கள் பிரெஞ்சுக்காரரைப் படிக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தம் தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு, உள்ளே என் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்து அழுத்தினார். நான் தலையசைத்தேன். அவர் மோதிர விரலை விட்டுவிட்டுச் சுண்டு விரலின் நுனியைக் கிள்ளினார். என்ன விலைக்கு எந்த மாட்டை வாங்கினேன் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டாம் நாள்: ஐதராபாத்

சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பொழுது போனது. ஆனால் தேடி வந்தது அங்கே இல்லை. நிஜாம்களின் நகைகளில் தலையாயதான ஜேக்கப் வைரம் 184.75 கேரட் எடையுள்ளது. 173 நகைகள் அடங்கிய அந்தத் தொகுதியை 1995இல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கி ரிசர்வ் வங்கியின் காப்பறையில் வைத்துவிட்டது. எப்போதாவது கண்காட்சிக்கு வெளியே வந்து மீண்டும் உள்ளே போய்விடும். அதை ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் 1891இல் வாங்க முற்பட்டு, பேரம் வழக்காகிக் கல்கத்தா வரை போய், கடைசியில் கைக்கு வந்த கல்மேல் வெறுப்பே மிஞ்சியதாகச் சொல்கிறார்கள். அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய காலணியின் முனைக்குள்ளே அது கிடந்ததை மகன் உஸ்மான் அலி கான் கண்டெடுத்து, காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் வைத்துக்கொண்டாராம். இது கோல்கொண்டாக் கல் இல்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதே பொதுவான கருத்து. கோல்கொண்டாவின் வாசலிலேயே குடியிருந்த அரசர், உலகின் மறுகோடியிலிருந்து வைரம் வாங்க நேர்ந்ததைத்தான் இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்: கொல்லூர், அல்லது அது இருந்த இடம்

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குதுப் ஷாஹிகள் காலத்தில் வைரம் தட்டுப்பாடாக இருந்ததில்லை. 1622இல் கொல்லூர்ச் சுரங்கத்துக்கு வந்த ஆங்கிலேயர் மெத்வோல்ட் 30,000 பேர் வேலை செய்ததாகவும், சில பத்தாண்டுகள் கழித்து வந்த தவேர்னியே 60,000 பேர் என்றும் எழுதியிருக்கிறார்கள். சுரங்கத்தைக் குத்தகைக்கு விட்ட சுல்தான், பத்து கேரட்டுக்கு மேற்பட்ட கல்லெல்லாம் தமக்கே என்று வைத்துக்கொண்டார். நிஜாம்கள் ஆண்ட காலத்துக்குள் அந்தச் சுரங்கங்கள் ஓய்ந்துபோயின.

குத்தகை, கூலி, காவல் என்று இத்தனை பேர் நின்ற கொல்லூர் இன்று தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கிருஷ்ணாவின் குறுக்கே 2013இல் நீர் தேக்கத் தொடங்கிய புலிச்சிந்தலா அணையின் பரப்பில் அது அடங்கிவிட்டது. ஓட்டுநர் இரண்டு முறை வழி தவறி, மூன்றாவது முறை ஒரு மேட்டில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருப்பதால் நீர் வற்றிக் கரையோரம் வெடித்த சேறு தெரிந்தது. அதற்கப்பால் பழுப்பு நிறத் தண்ணீர், தண்ணீருக்கப்பால் மங்கலான குன்றுகள். மீன் பிடிக்க வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், நாங்கள் எதைப் பார்க்க வந்தோம் என்று கேட்டார். சொன்னதும், அந்தப் பக்கம் என்று வெறும் தண்ணீரைக் கையால் காட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

இங்கே வேலை நடந்த விதத்தைத் தவேர்னியே சொல்லியிருப்பது இது. பூசையும் விருந்தும் முடித்துக்கொண்டு, ஆண்கள் பன்னிரண்டு, பதினான்கு அடி ஆழத்துக்கு, நீர் ஊறும் வரை தோண்டுவார்கள். பெண்களும் குழந்தைகளும் மண்ணைச் சுமந்து, இரண்டடிச் சுவர் எழுப்பிய களத்தில் கொட்டுவார்கள். அதை நீர்விட்டுக் கரைத்து, சேற்றை வடித்து, காயவிட்டு, நெல்லைப் போல் தூற்றி, கட்டியைத் தட்டி உடைத்து, கடைசியில் கையால் துழாவிப் பார்ப்பார்கள். வேறொரு சுரங்கத்தில், தொழில் தெரிந்த ஆளுக்கே ஆண்டுக்கு மூன்று வராகன்தான் கூலி என்கிறார். கோவணம் தவிர ஒன்றும் உடுத்தாத அவர்கள் கல்லை விழுங்கி மறைப்பார்கள் என்பதற்காக ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு, பதினைந்து கங்காணிகள். கண்ணின் ஓரத்தில் கல்லைச் செருகி மறைத்த ஒருவனைத் தமக்குக் காட்டியதாகவும், அதன் எடை இரண்டு மாங்கெலின் என்றும் எழுதுகிறார்.

மாங்கெலின் என்ற அந்த ஐரோப்பியச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். அது நம்முடைய மஞ்சாடிதான். மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதையை எடைக்கல்லாக வைத்துத் தென்னாட்டில் பொன்னும் மணியும் நிறுத்தார்கள். அந்த வழக்கத்தோடு பெயரும் கப்பலேறிப் போயிருக்கிறது. கேரட் என்ற சொல்லும் ஒரு விதைப் பெயர்தான், மத்தியதரைக் கடற்கரையில் விளையும் கரோப் மரத்தின் விதை. எங்கே போனாலும் வைரத்தின் எதிர்த்தட்டில் ஒரு விதை உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கரையிலிருந்து போனதாகக் கருதப்படும் கற்களில் ஒன்றின் கதையை மட்டும் சொல்கிறேன். நீலச் சாயல் கொண்ட 112 கேரட் கல் ஒன்றைத் தவேர்னியே பதினான்காம் லூயிக்கு விற்றார். அரசர் அதைச் செதுக்கி 67 கேரட் ஆக்கினார். 1792இல், பிரெஞ்சுப் புரட்சியின் அமளியில், அது களவு போனது. பின்னாளில் 45.52 கேரட் எடையில் லண்டனில் தலைகாட்டிய ஹோப் வைரம் அதிலிருந்து வெட்டப்பட்டதே. 1958இல் அதை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், பதிவுத் தபாலில்தான் அனுப்பினார். கண்ணோரத்தில் செருகிப் பிடிபட்டவன் நினைவுக்கு வருகிறான்.

நான்காம் நாள்: குண்டூரிலிருந்து குண்டக்கல், ரயிலில்

நாள் முழுவதும் ரயில் என்பதால் இன்று பார்த்ததை விடப் படித்தது அதிகம். கோவலன் மதுரையின் வீதிகளைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், மணிக்கடைத் தெருவைச் சொல்ல வரும் இளங்கோ வைரத்தில்தான் தொடங்குகிறார்: "காக பாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும் நீங்கி". காக்கைக் கால் போலக் கிளைத்த கீறல், மங்கல், புள்ளி, கோடு ஆகிய நான்கு குற்றமும் இல்லாத வைரம் என்பது பொருள். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு இன்று கல்லைச் சோதிப்பவரும் தேடுவது இவற்றைத்தான். மனைவியின் சிலம்பைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லாத ஒருவனை இத்தெரு வழியாக நடத்தி, குற்றமற்ற கல்லின் இலக்கணத்தை அங்கே சொல்லும் கவியின் நெஞ்சுரத்தை என்னவென்பது!

அடுத்த அடியில் "நுழைநுண் கோடி" என்கிறார். மிகக் கூர்மையான நுனிகள். வைரம் மண்ணிலேயே, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல, எட்டு முகமும் ஆறு முனையும் பன்னிரண்டு விளிம்பும் கொண்ட படிகமாக விளைவதுண்டு. நம் பழைய மணிநூல்கள் போற்றியது அந்த இயற்கை வடிவத்தைத்தான். முனை மழுங்காமல் இருக்க வேண்டும், எடை குறையக் கூடாது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நல்ல வைரம் கனமாகவும், அடி தாங்குவதாகவும், பாத்திரத்தில் கீறல் விழச் செய்வதாகவும் இருக்கும் என்கிறது. ஒரு கருவியைப் பற்றிப் பேசுவது போல இல்லையா? சில நூற்றாண்டு கழித்து வானநூல் அறிஞர் வராகமிகிரர் எழுதும்போது அதே வைரம் நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசாகவும், மின்னல் போலவும் வானவில் போலவும் ஒளிர்வதாகவும் ஆகிவிடுகிறது. நீரைப் போல மூன்றரை மடங்கு கனமுள்ள கல் மிதக்காது என்பதை ஒரு கிண்ணம் தண்ணீர் போதும், சொல்லிவிட. ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை போலும், அல்லது போட்டுப் பார்த்தவர் நூல் எழுதவில்லை.

இதே வராகமிகிரர் கல்லுக்கும் வருணம் பிரித்து வைத்தார். வெள்ளை அந்தணருக்கு, சிவப்பும் மஞ்சளும் அரசருக்கு, வாகைப்பூ நிறம் வணிகருக்கு, வாளின் கருமை நான்காமவருக்கு. "நால்வகை வருணத்து" என்று சிலம்பும் இதைத் தொட்டுச் செல்கிறது. தோண்டியவன் எந்த நிறக் கல்லை வைத்துக்கொள்ளலாம் என்று எந்த நூலும் சொல்லவில்லை. மகப்பேற்றை விரும்பும் பெண்கள் வைரம் அணியக் கூடாது என்பது சிலர் கருத்து என்றும் அவர் எழுதுகிறார். இந்த வரியை ஆறாம் நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

வஜ்ரம் என்றாலே இந்திரனின் ஆயுதம். ததீசி முனிவரின் முதுகெலும்பால் ஆனது என்பது புராணம். பௌத்தம் அதே சொல்லை எடுத்து, எதனாலும் வெட்டுப்படாத ஆனால் எதையும் வெட்டும் ஞானத்துக்குப் பெயராக்கியது. 868ஆம் ஆண்டு சீனாவில் அச்சிடப்பட்ட வஜ்ர சூத்திரம்தான் தேதி குறிக்கப்பட்ட அச்சு நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது. கிரேக்கர்களும் அடமாஸ், அடக்க முடியாதது, என்றே அழைத்தார்கள். தமிழில் மரத்தின் நடுக் கட்டைக்கும் வயிரம் என்று பெயர். உழைத்து உரமேறிய கிழவரை வைரம் பாய்ந்த கட்டை என்கிறோம். எந்த மொழியைத் திருப்பினாலும் பெயரில் இருப்பது உறுதிதான்; ஒளி எங்கும் இல்லை. ஒளிக்காகக் கல்லைக் குறைக்கலாம் என்ற துணிவு ஐரோப்பாவில் வளர்ந்தது. 1851 லண்டன் கண்காட்சியில் கோஹினூரைப் பார்த்த கூட்டம், இது போதுமான அளவு மின்னவில்லையே என்று முணுமுணுத்தது. மறு ஆண்டே 186 கேரட் கல் 105.6 கேரட்டாகச் செதுக்கப்பட்டது.

ஐந்தாம் நாள்: வஜ்ரகரூர்

குண்டக்கல்லிலிருந்து வஜ்ரகரூர் போகும் வழியில் நேற்றிரவு நல்ல மழை. பெயரிலேயே வஜ்ரத்தை வைத்திருக்கும் இந்த ஊரிலும், வடக்கே ஜொன்னகிரி, துக்கலி பக்கத்திலும், முதல் மழை விழுந்ததும் சனங்கள் வயல்களில் வைரம் தேடுவார்கள். பூமியின் அடியில் 150 கிலோமீட்டருக்குக் கீழே விளைந்த கல்லை மேலே தள்ளிக்கொண்டு வந்த கிம்பர்லைட் பாறைக் குழாய்கள் இங்கே உண்டு. மேல் மண்ணை மழை கழுவினால் ஒன்றிரண்டு வெளியே தெரியும். 13ஆம் நூற்றாண்டில் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும், மழை வெள்ளம் வடிந்த பிறகு மலையடியில் வைரம் பொறுக்குவார்கள் என்கிறார். பாம்பு நிறைந்த பள்ளத்தாக்கில் இறைச்சியை வீசி, அதைக் கவ்விய கழுகைத் துரத்திக் கல்லெடுக்கும் கதையையும் அவர் விடவில்லை. உலகம் கழுகைப் பிடித்துக்கொண்டது, உண்மையாயிருந்தது மழை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரே வயலில் நாற்பது, ஐம்பது பேர் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் வாயிலும் பேச்சில்லை. வரப்போரம் தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டி, வாரக் கணக்கில் தங்கும் குடும்பங்களும் இருந்தன. சில நிலக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். விதைத்தது மிதிபட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

செருப்பில் செம்மண் அப்பி ஒவ்வொரு அடியும் ஒரு படி கனத்தது. கால் மணி நேரத்துக்குள் எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது: சுண்டு விரல் நகமளவு, கண்ணாடித் தெளிவு, வெயிலில் பிடித்தால் பளீரென்று ஒரு கீற்று. நெஞ்சு அடித்துக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் குந்தியிருந்த அம்மாளிடம் நீட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பளபளக்கிறதே அன்னா, அப்புறம் எப்படி வைரம்?" என்று அவர் தெலுங்கில் கேட்டதை நண்பர் மொழிபெயர்த்தார். மண்ணிலிருந்து வரும் வைரம் எண்ணெய்க் கையால் தொட்ட சீசாவைப் போல வழவழப்பாக, மங்கலாக இருக்குமாம்; ஈர மண் அதில் ஒட்டாதாம். எண்ணெய்ப் பசையை ஈர்த்து நீரை விலக்குவது வைரத்தின் குணம் என்பது உண்மை. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லியின் சுரங்கங்களில் கொழுப்புத் தடவிய மேசைகளின் மேல் சரளையை ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்ட வைத்துப் பிரித்தார்கள். அந்த அம்மாளுக்கு இதுவரை எத்தனை கல் கிடைத்திருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நான்கு ஆண்டாக வருகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே கண் மண்ணைவிட்டு எழவில்லை.

என் பளிங்குக் கல்லை எறிய மனம் வராமல் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் நாள்: சென்னை

ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை: மண்டியிட்ட இளைஞன், வைர மோதிரம், வாயைப் பொத்திக்கொண்டு வியக்கும் பெண். வராகமிகிரரின் வரியை இங்கே எடுத்துக்கொள்ளலாம். காதலுக்கும் வைரத்துக்கும் முடிச்சுப் போட்டது எவ்வளவு அண்மையில்! 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது அரச குடும்பங்களின் சங்கதி. சாதாரண மக்களின் விரலுக்கு அது வந்தது, 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் கல் குவியத் தொடங்கி, குவிந்ததையெல்லாம் விற்றாக வேண்டிய நிலை வந்த பிறகுதான். "வைரம் என்றென்றைக்கும்" என்ற விளம்பர வாசகத்தை டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்துக்காக ஓர் அமெரிக்க விளம்பரக் குழுமம் எழுதிக் கொடுத்த ஆண்டு 1947. இந்திரனின் ஆயுதம் ஒருவழியாகக் கல்யாணப் பரிசாகிவிட்டது.

பிற்பகல் புனித ஜார்ஜ் கோட்டை. 1698 முதல் 1709 வரை இங்கே ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டிடம் ஜாம்சந்த் என்ற வணிகர் 410 கேரட் கல் ஒன்றைக் கொண்டுவந்தார். பிட் பின்னாளில் தம் மீதான பழிச்சொல்லுக்கு விடையாக எழுதியதில் அந்தப் பேரத்தை விவரித்திருக்கிறார்: 2,00,000 வராகனில் தொடங்கியது, இறங்கி இறங்கி, 1702இல் 48,000 வராகனுக்கு முடிந்தது. மகன் கையில் கல் இங்கிலாந்து போய், 140 கேரட்டுக்குச் செதுக்கப்பட்டு, 1717இல் 1,35,000 பவுனுக்குப் பிரெஞ்சு அரசப் பிரதிநிதியிடம் விலைபோய், ரீஜென்ட் என்ற பெயரோடு பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நெப்போலியன் அதைத் தம் வாளின் பிடியில் பதித்துக்கொண்டார். கல் அதிலாவது பழைய குணத்துக்குக் கொஞ்ச காலம் திரும்பியது.

அங்கிருந்து பவளக்காரத் தெருவுக்கு நடந்தேன். பவளத்துக்கும் வைரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து வந்து சென்னையில் தங்கிய யூத வணிகர்கள், மத்தியதரைக் கடலின் செம்பவளத்தை இங்கே விற்று, அந்தப் பணத்துக்குக் கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பினார்கள். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் பன்னிரண்டு மூத்த உறுப்பினர்களில் மூவர் அவர்களே. சுமை இறக்கும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் தெருவின் மறுமுனை வரை போய்வந்தேன். இறக்குமதியான பவளம் தெருவுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது; ஏற்றுமதியான வைரத்துக்கு இங்கே ஓர் எழுத்துகூட இல்லை.

இரவு அத்தை வீட்டில் சாப்பாடு. ஆறு நாள் கதையையும் கேட்டுவிட்டு, என் பளிங்குக் கல்லை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கொலுவில் குளத்தோரம் வைக்கலாம் என்றார். பிறகு காதிலிருந்த தோட்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்தார். ஏழு கல், பாட்டியிடமிருந்து வந்தது, பின்பக்கத்தில் நூற்றாண்டு அழுக்கு. வெளிச்சத்தில் திருப்பியபோது நீலம் ஒன்று ஓடி மறைந்தது.

"இது எந்த ஊர்க் கல் அத்தை?" என்று கேட்டேன்.

"புளூ ஜாகர்டா," என்றார் பெருமையோடு.

ஜாகர் என்பது ஜாகர்ஸ்ஃபொன்டைன், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஒரு சின்ன ஊர். அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. தோட்டைத் திருகிப் போட்டுக்கொண்டு அவர் ரசம் கொண்டுவர எழுந்து போனார்.